கரிசல் நிலத்துப் பெயர்கள் – 17: நாடாரும் அம்மாளும்

சென்ற இதழை 1899 ஜூன் 6 அன்று சிவகாசி சூறையாடப்பட்டதோடு நிறுத்தியிருந்தோம். சிவகாசிக் கொள்ளை முடிந்த பிறகு, 'நாடார்' என்ற பெயர் அரசுப் பதிவேடுகளில் முறையாக ஏற இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் போராட்டத்தை இதுவரை ஆண்களின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். மனுக்கொடுத்தவர், வழக்காடியவர், பூணூல் போட்டுக்கொண்டவர், கல்லெறி வாங்கியவர் எல்லாரும் ஆண்கள். அதே காலத்தில் அவர்கள் வீட்டுப் பெண்களின் பெயர் என்ன ஆனது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் 1963இல் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர், அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த இருவரில் ஒருவர் பி. அய்ய நாடார், மற்றவர் அவருடைய உறவினர் அ. சண்முக நாடார். ஜானகி அம்மாள், அய்ய நாடாரின் மனைவி. கணவன் பெயரையும் மனைவி பெயரையும் சம எழுத்தில் ஒரே பலகையில் எழுதிய கல்லூரிகள் நம் ஊர்ப்பக்கம் அதிகமில்லை. ஆனால் பலகையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவருக்கு 'நாடார்', இவருக்கு 'அம்மாள்'. ஒரே வீடு, ஒரே சமூகம், பெயரின் பின்பாதி மட்டும் வேறு. ஜானகி நாடார் என்று எழுதினால் நம் காதுக்கே ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை?

மேலைநாட்டில் பல இடங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக. செக் நாட்டில் அதிலும் ஒரு திருப்பம். அங்கே ஆணின் குடும்பப் பெயர் ஒரு வடிவம், பெண்ணினுடையது இன்னொரு வடிவம். டென்னிஸ் பார்த்த தலைமுறைக்கு மார்ட்டினா நவரத்திலோவாவைத் தெரியாமல் இருக்காது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். 'நவ்ராத்தில்' என்பது ஆணின் பெயர், 'திரும்பி வந்தவன்' என்று பொருள். ஊரை விட்டுப்போய் ஒருநாள் திரும்பி வந்த யாரோ ஒரு முன்னோருக்கு ஊரார் வைத்த பெயராக இருக்க வேண்டும். அதன்மேல் 'ஓவா' என்ற விகுதி ஏறினால் பெண்பெயர். அந்த விகுதி உடைமையைக் காட்டும் உருபிலிருந்து வந்தது. அப்படிப் பார்த்தால் நவரத்திலோவா என்பது 'நவ்ராத்திலுக்கு உரியவள்'. நோவாக் என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவன்; அவன் மனைவியும் மகளும் நோவாக்கோவா.

மார்ட்டினா பிறந்தது 1956இல், பிராகாவில். அப்போது அவர் பெயரே வேறு, மார்ட்டினா ஷுபெர்த்தோவா. பெற்றோர் பிரிந்தார்கள். தாய் 1962இல் மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கணவரின் குடும்பப் பெயர்தான் நவ்ராத்தில். உலகமே உச்சரித்த பெயர், பெற்ற தந்தையுடையது அல்ல, தாயின் இரண்டாம் கணவருடையது. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் பெயர் அவள் எந்த ஆணின் வீட்டில் இருக்கிறாள் என்பதைச் சொல்லும் கருவி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம். 2022 ஜனவரி 1 முதல்தான் செக் பெண்கள் யார் வேண்டுமானாலும் 'ஓவா' இல்லாமலும் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் இடம்கொடுத்தது. அதற்கு முன் வெளிநாட்டவரை மணந்தவர் போன்ற சிலருக்கு மட்டுமே அந்தச் சலுகை.

லித்துவேனியாவில் இன்னும் நுட்பம். ஒரே குடும்பப் பெயரில் மனைவிக்கு ஒரு விகுதி, மணமாகாத மகளுக்கு வேறு விகுதி. பெயரைக் கேட்டாலே கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று தெரிந்துவிடும். 2003இல்தான் இரண்டையும் காட்டாத பொது வடிவத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் இனிஷியலை ஒரு நிமிடம் நினைத்துப்பார்க்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழுக்குப் பெண்பால் விகுதியில் பஞ்சமே இருந்ததில்லை. குறவன் குறத்தி, மறவன் மறத்தி, இடையன் இடைச்சி. தொழிலும் குலமும் சொல்லும் பெயர்கள் எல்லாம் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக இரட்டையாகவே நடந்தன. மதிப்பும் குறைவாக இருக்கவில்லை. சங்கப் புலவர் பட்டியலில் ஒக்கூர் மாசாத்தனார் ஒருவர், ஒக்கூர் மாசாத்தியார் ஒருவர். சாத்தன் ஆண், சாத்தி பெண். இருவருக்கும் முன்னால் அதே ஊர், பின்னால் அதே 'ஆர்'. யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற விவரம் மாசாத்தியார் பெயரில் இல்லை. ஊர்ப்பெயரும் தன் பெயரும் மரியாதையும் போதுமாக இருந்திருக்கின்றன.

பிறகு அது மாறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிக்கும் இடத்தைப் பாருங்கள். ராஜராஜனின் தமக்கை, வந்தியத்தேவனின் தேவி என்று இரண்டு ஆண்களைச் சொல்லி, தகப்பன் பராந்தகன் பெயரையும் முன்னால் நிறுத்தி, அதன் பிறகே குந்தவை வருகிறார். செல்வமும் செல்வாக்கும் உள்ள அரசகுமாரிக்கே மூன்று பேர் துணை வேண்டியிருந்தது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே அதைவிடப் பழைய சான்று இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை, ஆண்டாள் என்று நாம் அறிந்தவர், தன் பாசுரங்களில் தன்னைக் குறிப்பிடும்போது வெறுமனே கோதை என்று சொல்லிக்கொள்வதில்லை. திருப்பாவையின் முப்பதாம் பாட்டில் அவர் 'பட்டர்பிரான் கோதை'. பட்டர்பிரான் என்பது தகப்பன் பெரியாழ்வாருக்குப் பாண்டியன் அவையில் கிடைத்த பட்டம். வேறு இடங்களில் அவருடைய இயற்பெயரான விட்டுசித்தனும், ஊரான வில்லிபுத்தூரும் முன்னால் வந்து நிற்கின்றன. ஊர், தகப்பன், தன் பெயர் என்ற இந்த வரிசைதான் பிற்காலத்தில் இரண்டு எழுத்தும் இரண்டு புள்ளியுமாகச் சுருங்கியது. விருதுநகர் மாவட்டத்தின் முதல் இனிஷியல் ஆண்டாளுடையது என்று நான் சொன்னால் வைணவப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கணவனாக அவர் வரித்தது அரங்கனை. ஆனால் கையெழுத்தில் தகப்பன் பெயரை விடவில்லை.

இனி நாடார் பட்டத்துக்கு வருவோம். திருச்செந்தூர் வட்டாரத்தில் நிலமும் அதிகாரமும் உள்ள சில குடும்பங்கள் மட்டும் நாடான் என்று அழைக்கப்பட்டன. நாட்டை ஆள்பவன் என்று பொருள் சொல்வார்கள். பனையேறிப் பிழைத்த பெருங்கூட்டத்துக்குப் பதிவேடுகளில் சாணார் என்றே பெயர். அந்தச் சொல்லுக்குச் 'சான்றார்' என்பதே மூலம் என்று சமூகத்து எழுத்தாளர்கள் வாதாடினார்கள். வாதம் எப்படியிருந்தாலும், அந்தச் சொல்லை மற்றவர்கள் பயன்படுத்திய தொனியில் இழிவு ஏறியிருந்தது. ஆகவே சான்றாரை மீட்பதைவிட நாடாரைப் பொதுவாக்குவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர் வணிகர்கள் இதில் முன்னால் நின்றார்கள். 1910இல் பொறையாறில் கூடி நாடார் மகாஜன சங்கம் தொடங்கினார்கள். 1921இல் அரசு இணங்கியது. பதிவேடுகளில் பழைய சொல் போய் நாடார் வந்தது. ஒரு சிலரின் பட்டம் பல லட்சம் பேரின் பெயராயிற்று.

பல லட்சம் ஆண்களின் பெயர் என்று திருத்திச் சொல்ல வேண்டும். பேச்சில் நாடாத்தி, நாடாச்சி என்ற சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை யாரும் விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர்களாக இருந்ததில்லை. பெரும்பாலும் அடுத்தவர் வாயில் வந்த பெயர்கள். ஆண் வடிவத்தில் 'ஆர்' சேர்ந்து அது பட்டமாயிற்று. பெண் வடிவம் 'ச்சி', 'த்தி'யோடு நின்றுபோய் ஒருமையில் தங்கிவிட்டது. நாடார், செட்டியார், ரெட்டியார், தேவர் என்று ஆண்களைச் சொல்வதில் உள்ள மரியாதை, அதே சாதிப் பெண்ணை விகுதி போட்டுச் சொல்லும்போது வருவதில்லை. அந்த விகுதி ஏச்சில் மட்டும் தாராளமாக வரும்.

தமிழால் முடியாது என்பதல்ல காரணம். நாயனாருக்குப் பெண்பால் நாச்சியார். அதில் 'ச்சி'யும் இருக்கிறது, 'ஆர்' என்ற மரியாதையும் இருக்கிறது. ஆண்டாள் பாடியது நாச்சியார் திருமொழி. ராமநாதபுரத்து இளவரசி, சிவகங்கையை 1780இல் மீட்ட வேலு நாச்சியார், அந்தச் சொல்லை ஒரு பட்டமாகவே தாங்கினார். செட்டிநாட்டில் 'ஆச்சி' என்றால் எவ்வளவு மரியாதை என்று நாம் அறிவோம். அந்த வார்ப்பிலேயே நாடாச்சியார் என்று ஒரு சொல் பிறந்திருக்கலாம். இலக்கணம் தடுக்கவில்லை. வேண்டும் என்று கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான். பெயர் மாற்றத்துக்கு மனுப்போட்டவர்கள் மனதில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு பட்டம் தேவைப்படவில்லை என்பது என் முடிவு.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அம்மாள். எந்தச் சாதிக்கும் பொதுவான, எந்தச் சாதியையும் காட்டாத ஒரு மரியாதைச் சொல். வீணை தனம்மாளுக்கும் அதே அம்மாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மாளுக்கும் அதே அம்மாள். காமராஜின் தாய், விருதுபட்டிச் சிவகாமி அம்மாளுக்கும் அதுதான். ஒருவகையில் பார்த்தால், சாதிப்பட்டத்தைத் துறக்க வேண்டும் என்று ஆண்கள் மாநாடு போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன்பே பெண்கள் அது இல்லாமல் இருந்தார்கள். கொடுக்காததைத் துறக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சாதிக்குள்தான் கல்யாணம், சாதிக்குள்தான் சாவு என்ற வாழ்க்கையில் பெயரில் மட்டும் சாதி இல்லாதது எவ்வளவு பெரிய விடுதலை?

விருதுநகர்ப் பெயர்களின் உண்மையான பெண்மை பின்பாதியில் இல்லை, முன்பாதியிலேயே இருக்கிறது. ஆணுக்கு ஆறுமுகம், பெண்ணுக்கு ஆறுமுகத்தாய். சண்முகத்துக்குச் சண்முகத்தாய், முத்துவுக்கு முத்துத்தாய், பேச்சிக்குப் பேச்சித்தாய். தாயோடு நிற்காமல் கனியும் உண்டு: தங்கக்கனி, ராஜகனி, அன்னக்கனி. தெற்கே போகப் போக வடிவும் சேரும். தாத்தா பெயரைப் பேத்திக்கு வைக்க வேண்டும் என்றால் இந்த ஒட்டுகள் கைகொடுக்கும். செக்காரர்கள் குடும்பப் பெயரில் செய்த வேலையை நம்மவர்கள் இயற்பெயரிலேயே செய்துவிட்டார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆறுமுகத்தாய் ஆறுமுகத்துக்கு உரியவள் அல்ல. அவள் அவனுக்குத் தாய்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு போக்கு இருந்தது. பெண்தெய்வத்தின் பெயரை ஆண்பிள்ளைக்கு வைப்பது. 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரான காமாட்சி என்பதையே முதலில் வைத்தார்கள். தாய் கூப்பிட்டது ராஜா என்று. இரண்டும் கலந்து காமராஜ் ஆயிற்று. நாட்டுக்கே தலைவராக வளர்ந்த ஒருவரின் பெயரில் முன்பாதி அம்மன், பின்பாதி அம்மாவின் செல்லம். தகப்பன் பெயர் ஓர் எழுத்தாக மட்டும் முன்னால் நிற்கிறது.

அந்தத் தகப்பன் காமராஜ் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, பணத்தை ஒரு வணிகரிடம் வட்டிக்குப் போட்டு, அந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். மகன் படித்த சத்திரிய வித்யாசாலையும் பெண்கள் கையால் நடந்த பள்ளி என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும். பிடியரிசி எடுத்த கை யாருடையது? அடுப்பருகே நின்றவளுடையது. ஊர்ச் சமூக அமைப்பான உறவின்முறையின் கணக்கில், பொது நிதியான மகமையைச் செலுத்தியவராகப் பதிவானது வீட்டுத்தலைவர். காமராஜ் தன் பெயரின் பின்னால் இருந்த நாடாரைக் கொஞ்சங்கொஞ்சமாக உதிர்த்தார். தொடக்ககாலப் பத்திரிகைச் செய்திகளில் அவர் காமராஜ் நாடார்தான். பிறகு வெறும் காமராஜ், மக்களுக்குக் காமராசர்.

பட்டத்தை உதிர்ப்பது தனி ஒருவரின் தீர்மானமாக இருந்த நிலையை மாற்றியது 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு. சாதிப்பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்றும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் அங்கே தீர்மானித்தார்கள். தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், நாடார் மகாஜன சங்கத்திலும் செல்வாக்குள்ளவர். எட்டாண்டுகளுக்கு முன்புதான் அரசிடமிருந்து போராடி வாங்கிய பெயரை, அந்தச் சமூகத்தின் பெரிய மனிதர் ஒருவர் தலைமையில் கூடிய மாநாடு விடச்சொல்கிறது. இந்தத் துணிச்சலை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பாராட்டவில்லை. ஊரில் எல்லாரும் கேட்டார்களா என்றால் இல்லை. கடைப்பலகைகளிலும் கல்லூரிப் பலகைகளிலும் பட்டம் நின்றது. 1947இல் விருதுநகரில் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரி ஓர் உதாரணம்.

ஊர்ப் பெயரே மாறி வந்திருக்கிறது. பல விருதுகளோடு வந்த வீரன் ஒருவனை உள்ளூர்க்காரன் வெட்டி வீழ்த்தி விருதுகளைக் கைப்பற்றியதால் விருதுவெட்டி, அது திரிந்து விருதுபட்டி என்று ஒரு கதை சொல்வார்கள். 1923இல் நகராட்சி அதை விருதுநகர் ஆக்கியது. 1985இல் ராமநாதபுரம் பிரிக்கப்பட்டபோது மாவட்டத்துக்குக் காமராசர் பெயர். 1997இல் தலைவர் பெயர்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டபோது மறுபடி விருதுநகர். இதை விரிவாக எழுத இன்னோர் இதழ் வேண்டும்.

பட்டம் தேய்ந்த இடத்தில் வளர்ந்தது இனிஷியல். விருதுநகர் வணிகக் குடும்பங்களைப் போல எழுத்துகளை அடுக்கியவர்கள் குறைவு. பி.கே.எஸ்.ஏ., வி.வி.வி., எம்.எஸ்.பி. என்று மூன்றும் நான்கும். ஊர், பாட்டன், பூட்டன், தகப்பன் என ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆள் அல்லது ஓர் இடம். எழுத்து வரிசையே கடையின் பெயராகி, சந்தையில் நாணயத்துக்கு அடையாளமாகிவிடும். இந்த எழுத்துகளில் ஒரு பாட்டியோ பூட்டியோ இருக்கிறாரா என்று தேடினால் ஏமாற்றம்தான்.

அடுத்த ஊரான மதுரையில் வேறு வழக்கம் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம் மதுரை, எஸ் அவருடைய தாய் சண்முகவடிவு. இசை மரபுக் குடும்பங்களில் தாய் வழியே பெயர் போயிற்று. உலகம் முழுக்க 'எம்.எஸ்.' என்ற இரண்டு எழுத்தால் அறியப்பட்டவர் தன் தாயின் எழுத்தைத்தான் சுமந்தார். கணவர் சதாசிவத்தின் எழுத்தும் அதே எஸ் என்பது தற்செயல். படித்த மேல்தட்டில் இன்னொரு வழக்கமும் வந்தது. புதுக்கோட்டை முத்துலட்சுமி 1914இல் சுந்தர ரெட்டியை மணந்து முத்துலட்சுமி ரெட்டி ஆனார். கணவனின் சாதிப்பட்டத்தை ஆண் வடிவத்திலேயே, விகுதி மாற்றாமல், ஒரு பெண் தாங்குவது தமிழுக்குப் புதிது. ஆங்கிலேய முறையில் வந்த பழக்கம். விருதுநகர், சிவகாசிப் பக்கம் அது பெரிதாகப் பிடிபடவில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்தை மாற்றுவதோடு கல்யாணச் சடங்கு முடிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் எழுத்து, பின் கணவன் எழுத்து. லித்துவேனியா விகுதி செய்வதை இங்கே ஒரு புள்ளி செய்கிறது. பழைய பத்திரங்களில் இதன் நீண்ட வடிவத்தைப் பார்க்கலாம். ஆண் என்றால் இன்னார் குமாரர் இன்னார். பெண் என்றால் இன்னார் குமாரத்தி, அல்லது இன்னார் மனைவி, அல்லது இன்னார் விதவை. ஆண் சாகும்வரை குமாரர்தான். பெண்ணுக்கு மூன்று கட்டங்கள். சொத்தை விற்கும்போதும் வாங்கும்போதும் அவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்பது எழுத்தில் ஏறியாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டால், 'அந்தத் திருச்செந்தூர்ச் சாமி பேருதான்' என்று சாடை காட்டுவார்கள். அவர் நாலைந்து பெயரைச் சொல்லிப் பார்த்துச் சரியானதைப் பிடிக்க வேண்டும். வாயில் வரக்கூடாத பெயரின் முதல் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் வந்ததும் இந்த ஏற்பாட்டில் விரிசல் விழுந்தது. விருதுநகரில் 1962இல் வி.வி. வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி. சிவகாசியில் 1968இல் ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனத்தின் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. இரண்டும் பெண்களுக்கான கல்லூரிகள், இரண்டும் ஆண்களின் பெயரில். உள்ளே படித்து வெளியே வந்தவர்களின் சான்றிதழில் தகப்பன் எழுத்து அழுத்தமாகப் பதிந்துவிட்டது. அதை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே படித்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் எழுத்தே நிலைத்தது. படிக்காத பெண், பத்து வயதிலிருந்தே தீப்பெட்டிக் கட்டு ஒட்டப் போனவள், எழுத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். வாக்காளர் பட்டியலில் கணவன் எழுத்து, சாதிச் சான்றிதழில் தகப்பன் எழுத்து, ஆதாரில் இரண்டும் இல்லாமல் கணவர் பெயர் தனி வரியில். பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேரும்போது வைப்புநிதிக்கும் இஎஸ்ஐக்கும் கொடுக்கும் பெயர் வங்கிக் கணக்கோடு பொருந்தவில்லை என்றால் அலைச்சல். ஆணுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, அவன் எழுத்து பிறந்தது முதல் ஒன்றே. ஒரு புள்ளி இடம் மாறுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஈ-சேவை மைய வரிசையில் எத்தனை பெண்கள் பெயர்த் திருத்தத்துக்காக நிற்கிறார்கள் என்று போய்ப் பார்க்கட்டும்.

சட்டம் மெதுவாக நகர்ந்தது. 1999 பிப்ரவரியில் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்றது. 2018 டிசம்பர் முதல் தாய் மட்டுமே உள்ளவர்கள் பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயரைத் தர வேண்டியதில்லை. தாய், தந்தை இருவர் எழுத்தையும் பிள்ளைக்குச் சேர்த்து எழுதும் குடும்பங்கள் இப்போது நம் ஊர்களிலும் உண்டு.

2021 டிசம்பரில் தமிழக அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் மொழிப்பற்று. ஆனால் அதில் ஒரு தகவல் லாபமும் இருக்கிறது. ஆங்கில எஸ்ஸுக்குள் சண்முகம், சிவகாமி, சுப்பையா, செல்லத்தாய் எல்லாரும் அடக்கம். தமிழில் ச, சி, சு, செ என்று பிரிந்துவிடுவார்கள். முன்னெழுத்தை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தமிழ் உதவுகிறது. அந்த ஆணை வெளிவந்தபோது தமிழ் ஆட்சிமொழித் துறையைப் பார்த்த அமைச்சர் நம் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதிக்காரர், தங்கம் தென்னரசு. அவர் பெயரிலேயே முன்னெழுத்து கிடையாது. தகப்பனார், முன்னாள் அமைச்சர் தங்கபாண்டியனின் பெயரில் பாதி, முழுச்சொல்லாக முன்னால் நிற்கிறது.

அவருடைய சகோதரியின் பெயரோடு இந்த விவகாரத்தை ஒரு கைபார்க்கலாம். மல்லாங்கிணறில் பிறந்த சுமதி, கவிஞராகி, பேராசிரியராகி, 2019இல் தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினரானார், தமிழச்சி தங்கபாண்டியன் என்ற பெயரில். ஒரே தகப்பன். மகனுக்கு அவர் முன்னால் வருகிறார், மகளுக்குப் பின்னால். மகளின் பெயரில் தங்கபாண்டியன் என்பது 'அன்' விகுதியோடு அப்படியே நிற்கிறது. செக் நாட்டில் இது அண்மைக்காலம் வரை சட்டம் ஒப்பாத பெயர். நம் மொழியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முன்பாதியைக் கவனியுங்கள். 'ச்சி'. சாதியோடு ஒட்டியிருந்தபோது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட விகுதி, மொழியோடு ஒட்டியதும் ஒரு பெண் தானாக விரும்பி எடுத்துக்கொண்ட பெயராகிறது. நாடாச்சியார் என்று ஒரு பட்டம் கேட்காமல் போன நிலத்திலிருந்து தமிழச்சி வந்திருக்கிறார். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த பெயர் மாற்றங்களில், மனுவும் மாநாடும் வழக்கும் இல்லாமல் நடந்தவற்றில் இதுவும் ஒன்று.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப்பெட்டியிலோ பீரோவிலோ 1921க்கு முந்தைய கிரயப் பத்திரமோ அடமானச் சீட்டோ கல்யாண ஓலையோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பூட்டியின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அம்மாள் என்று இருக்கிறதா, வேறு விகுதி இருக்கிறதா, யாருடைய பெயர் முன்னால் நிற்கிறது என்று குறித்து, சொத்து விவரங்களை மறைத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். அசல் பத்திரத்தை அனுப்ப வேண்டாம். அடுத்த இதழில் மகமைக் கணக்கு நோட்டுகள்.